பத்தாவது நிமிடத்தில் இறுகும் கணைக்கால்: ஆபரேஷன் இல்லாமல் வழி உண்டா?

கேள்வி: சிப்பாய்_24

அனைவருக்கும் வணக்கம். நான் காலாட்படையில் ஐந்தாம் ஆண்டாகப் பணியாற்றும் சிப்பாய், வயது 24. கடந்த எட்டு மாதங்களாக ஓடும்போது இரண்டு கணைக்கால்களிலும் வலி வருகிறது. காலை பி.டி.யில் முதல் இரண்டு கிலோமீட்டர் வரை எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. ஏறத்தாழ பத்தாவது நிமிடத்தில், கணைக்கால் எலும்புக்கு வெளிப்புறமுள்ள சதை கல்லைப்போல இறுகத் தொடங்கும். அதையும் மீறி ஓடினால் பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் பூட்ஸ் பட்பட்டென்று தரையில் அறையும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகும். நின்றுவிட்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடுவதாலேயே நான் நடிக்கிறேன் என்று உடனிருப்பவர்களில் சிலர் நினைக்கிறார்கள். வலியைவிட அதுதான் எனக்கு அதிக வேதனை தருகிறது.

எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறையில்) மூன்று முறை வலி மாத்திரையும் ஒரு வார ஓய்வும் கொடுத்தார்கள். ஓய்வில் இருக்கும்வரை வலி இல்லை. திரும்ப ஓடிய முதல் நாளே வந்துவிடுகிறது. இப்போது லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்தேன். எம்.ஆர்.ஐ.யில் எலும்பில் கீறல் எதுவும் இல்லை. சதைக்குள் ஊசி வைத்து அழுத்தம் பார்த்ததில் ஓடுவதற்கு முன் 18, ஓடி முடித்த ஒரு நிமிடத்தில் 46, ஐந்து நிமிடத்தில் 31 என்று வந்தது. தசையைச் சுற்றியுள்ள உறையைக் கீறிவிடும் ஆபரேஷன்தான் தீர்வு என்று சொல்லி, இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டு லோ மெடிக்கல் கேட்டகிரியில் (உடல்தகுதி குறைந்தவர் பிரிவில்) விழுந்தால் என் எதிர்காலம் என்னவாகும் என்று தெரியவில்லை. வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: இயன்முறை_அக்கா

தம்பி, நீங்கள் நடிக்கவில்லை என்பதற்கு அந்த மூன்று எண்களே சாட்சி. நம் கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, அதிகம் நெகிழாத உறைகளுக்குள் இருக்கின்றன. உழைக்கும் தசை இரத்தத்தை உறிஞ்சிப் பருக்கும். உறை இடம் கொடுக்காதபோது உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பும் இரத்த ஓட்டமும் நசுங்குகின்றன. 1990 முதல் மருத்துவர்கள் பின்பற்றிவரும் அளவுகோலின்படி ஓய்வில் 15, ஓடிய ஒரு நிமிடத்தில் 30, ஐந்து நிமிடத்தில் 20 மில்லிமீட்டர் பாதரசம் என்பவை எல்லைக்கோடுகள். இவற்றில் ஒன்றை எட்டினாலே தசையறை அழுத்த நோய் எனக் கருதுவார்கள். நீங்கள் மூன்றையும் தாண்டியிருக்கிறீர்கள்.

ஆனால் அந்த எண்களைப் பார்த்த உடனே கத்தியை எடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. முன்னறைத் தசைதான் பாதத்தை மேலே தூக்குகிறது. குதிகால் முதலில் தரையில் படும்போது பாதம் அறைந்து விழாமல் மெல்ல இறக்கிவிடுவதும் அதுவே. காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டி வைத்து ஓடுகிறவருக்கு ஒவ்வோர் அடியிலும் அந்தத் தசைக்கு இரட்டை வேலை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில், உங்களைப் போலவே ஆபரேஷனுக்குக் குறிக்கப்பட்டிருந்த பத்துப் பேருக்கு ஆறு வாரம் முன்பாதத்தில் இறங்கி ஓடக் கற்றுக்கொடுத்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 1.4 கிலோமீட்டரில் நின்றுபோனவர்கள் 4.8 கிலோமீட்டர் வரை ஓடினார்கள். ஓடியபின் இருந்த அழுத்தம் சராசரியாக 78-இலிருந்து 38-க்கு இறங்கியது. ஓராண்டு கழித்தும் அவர்களில் ஒருவருக்கும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. பத்தே பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை என்பதை மறைக்கமாட்டேன். ஆனாலும் நெதர்லாந்து ராணுவத்தினர் உத்ரெக்ட்டிலுள்ள தங்கள் மத்திய மருத்துவமனையில் ஓடும் முறையை மாற்றும் இதே மறுபயிற்சியைத்தான் சிகிச்சையின் முதன்மையான பகுதியாக வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, நீங்கள் ஓடுவதைக் கைபேசியில் மெதுவேகத்தில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். தரையில் பாதம் படும் கணத்தில் முழங்கால் நீட்டிக்கொண்டு, பாதம் இடுப்புக்கு வெகு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேகத்தைக் கூட்டாமல் ஒரு நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை உயர்த்துங்கள். தாளம் தட்டும் செயலியைக் காதில் வைத்துக்கொண்டால் எளிது. அடி தானாகக் குறுகும், பாதம் உடம்புக்குக் கீழே வந்து சத்தமில்லாமல் இறங்கும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பத்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இறுக்கம் தொடங்கும் முன்பே நிறுத்த வேண்டும். அது வந்தபின் நிறுத்துவதில் பயனில்லை.

பதில் 2: ஓய்வு_ஹவில்தார்

தம்பி, இருபத்திரண்டு ஆண்டு சேவை முடித்து வந்தவன் எழுதுகிறேன். எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பெயரே கிடையாது. உஸ்தாத் (பயிற்சியாளர்) "கால் வலியா, இன்னும் ரெண்டு ரவுண்டு" என்பார்; வலியை மறைத்து ஓடி, கடைசியில் எலும்பே கீறிப்போய்ப் பிளாஸ்டரோடு படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் ஸிக் ரிப்போர்ட் போட வெட்கப்படாதே.

அக்கா சொன்ன அடி நீளத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று. பரேடில் தேஜ் சல் (விரைவு நடை) என்றால் ஒரு காலடியின் நீளம் 30 அங்குலம். ஆறடி ஆளுக்கு அது இயல்பு; ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவன் காலை இழுத்து இழுத்து வைக்க வேண்டும். என் பிளட்டூனில் குட்டையான பையன்களுக்குத்தான் கணைக்கால் வலி அதிகம். ரூட் மார்ச்சில் (நெடுந்தூர அணிநடையில்) அவர்களை வரிசையின் முன்னால் விட்டு, நெட்டையானவர்களைப் பின்னால் வரச்சொன்ன பிறகு புகார்கள் குறைந்ததை என் கண்ணால் கண்டேன். பழைய பூட்ஸின் அடிப்பகுதி தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உடனே மாற்றிக்கொள். என்னைக் கேட்டால், இரண்டு மாதம் முழு ஓய்வு எடுத்து, தினமும் நன்றாக ஸ்ட்ரெட்சிங் செய்தாலே இது போய்விடும்.

பதில் 3: விளையாட்டு_மருத்துவர்

ஹவில்தார் ஐயாவின் பூட்ஸ், வரிசை பற்றிய அனுபவத்தை மதிக்கிறேன். கடைசி வரியில் மட்டும் மாறுபட வேண்டியிருக்கிறது. படைவீரர்களின் கால் வலி ஒரே நோயன்று. கணைக்கால் எலும்பின் உட்புற ஓரத்தில், கீழ்ப்பகுதியில், விரலால் அழுத்தினால் ஐந்து சென்டிமீட்டருக்கும் மேலாக நீளவாக்கில் வலித்தால் அது ஓட்டக்காரர்கள் ஷின் ஸ்ப்ளிண்ட் என்று சொல்வது. ஒரே புள்ளியில் குத்தி, ஒற்றைக் காலில் குதித்தால் உயிர்போகும்படி வலித்து, இரவிலும் விடாமலிருந்தால் எலும்புக் கீறலை முதலில் சந்தேகிக்க வேண்டும். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். இந்த இரண்டுக்கும் ஓய்வு மருந்துதான். கீறல் ஆறும்வரை ஓட்டமே கூடாது. ஷின் ஸ்ப்ளிண்ட்டுக்குச் சுமையைக் குறைத்து, படிப்படியாக ஏற்றும் ஓட்டத்திட்டம் வேண்டும். தசையறை அழுத்த நோய்க்கோ, ஓய்வு வலியை ஒளித்துவைக்கிறதே தவிர மாற்றுவதில்லை. நீங்கள் மூன்று முறை அனுபவித்தது அதைத்தான்.

ஸ்ட்ரெட்சிங்கைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,538 புதிய வீரர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, பயிற்சிக்கு முன் தசைகளை நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2000-இல் தெரியவந்தது. செய்வதால் கெடுதல் இல்லை. அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

ஆபரேஷனைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் இந்த அறுவை செய்துகொண்ட 611 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்டதில், நூற்றுக்கு 45 பேருக்கு அறிகுறிகள் திரும்பின. நூற்றுக்கு 28 பேரால் முழுப் பணிக்குத் திரும்ப முடியவில்லை. பயனடைந்தவர்களும் பலர் உண்டு. எனவே இதைக் கடைசிப் படியாக வையுங்கள், கதவை மூடிவிட வேண்டாம்.

மறுபயிற்சியிலும் ஓர் எச்சரிக்கை தேவை. முன்பாதத்தில் இறங்கும்போது முன்தசையின் சுமை கெண்டைச்சதைக்கும் குதிகால் தசைநாருக்கும் மாறுகிறது. ஒரே வாரத்தில் முழுதாக மாறியவர்களுக்குப் பாத எலும்பிலேயே கீறல் வரலாம். பின்னறையில் வலி உள்ளவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. உங்களுக்கு வலி முன்வெளிப்புறம் என்பதால் முயன்று பார்க்கலாம். குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியைப் படிக்கட்டின் விளிம்பில் நின்று நாளுக்கு மூன்று சுற்று செய்யுங்கள். எப்போதாவது ஓட்டத்தை நிறுத்திய பின்பும் வலி தணியாமல் ஏறிக்கொண்டே போனால், அல்லது பாதத்தைத் தூக்கவே முடியாமல் இருந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது அவசர நிலை.

மீண்டும்: சிப்பாய்_24 (ஒன்பது வாரங்களுக்குப் பின்)

அக்கா, ஐயா, டாக்டர், மூவருக்கும் நன்றி. ஊரில் பள்ளி மைதானத்தில் தம்பியை வைத்துப் படம் பிடித்தேன். என் குதிகால், முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் போய்க் குத்துகிறது. பூட்ஸின் நுனி வானத்தைப் பார்க்கிறது. இத்தனை ஆண்டும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை. நிமிடத்துக்கு 156 அடி இருந்தது. 168-க்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. இரண்டாம் வாரத்தில் கெண்டைச்சதை மிகவும் வலித்ததால் மூன்று நாள் நிறுத்திவிட்டு, குறைத்துத் தொடங்கினேன்.

யூனிட்டுக்குத் திரும்பி, படத்தையும் அழுத்த அறிக்கையையும் மருத்துவ அதிகாரியிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்து, ஆறு வாரம் பி.டி.யில் தனியாக ஓட எழுதிக்கொடுத்தார். நேற்று பி.டி. ஷூவில் 5 கிலோமீட்டரை நிற்காமல் முடித்தேன். இறுக்கம் தெரிந்தது, ஆனால் பாதம் மரக்கவில்லை. முதுகில் பிட்டூவும் (படைவீரரின் முதுகுப்பை) கையில் ஆயுதமுமாக ஓடினால் மட்டும் நான்காவது கிலோமீட்டரில் பழைய வலி வருகிறது. சுமை ஏறியதும் என்னையறியாமல் குதிகாலுக்குத் திரும்பிவிடுகிறேன் என்று நினைக்கிறேன். சுமையை எப்படிச் சேர்ப்பது?

பதில்: இயன்முறை_அக்கா

மிகவும் மகிழ்ச்சி தம்பி. சுமையோடு இப்போதைக்கு ஓட வேண்டாம், நடையிலிருந்து தொடங்குங்கள். முழு எடையில் கால்பங்கு வைத்து, குறுகிய அடியில் 20 நிமிடம், வாரம் இருமுறை. இரண்டு வாரம் வலியின்றிப் போனால் அடுத்த கால்பங்கைச் சேருங்கள். தூரம், வேகம், எடை மூன்றில் ஒரே வாரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். பிட்டூவின் வாரை இறுக்கி எடையை முதுகின் மேற்பகுதியில் வையுங்கள். கீழே தொங்கினால் உடம்பு பின்னுக்குச் சாய்ந்து குதிகால் முந்திக்கொள்ளும். நான்கு வாரம் கழித்து, எடையோடு எடுத்த படம் ஒன்றை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.