முதலாண்டோடு பொறியியலை விட்டுப் போகிறவர்கள்: மதிப்பெண்தான் காரணமா?

கேள்வி – வகுப்பாசிரியர்
இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது எங்கள் வகுப்பு பாதி காலியாகிவிடுகிறது. துறைக் கூட்டத்தில் கேட்டால், "சேரும்போதே மார்க் குறைவு, என்ன செய்ய?" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் போனவர்களில் நல்ல மார்க்கோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். வேறு எதைப் பார்ப்பது?

விசைத்திருப்பம்
முதல் செமஸ்டர் கணக்குத் தாளைப் பாருங்கள் சார். நான் மெக்கானிக்ஸ் எடுப்பவன். அதில் வரும் கால்குலஸில் (நுண்கணிதத்தில்) தடுக்கியவர்கள் என் தாளிலும் தடுக்குகிறார்கள். அது புரியாமல் அடுத்த தாள்களும் புரியாது. ஒரு தாளில் விழுந்தால் அடுத்தடுத்து விழ வேண்டியதாகிவிடும். அமெரிக்காவில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2004இல் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. நேதன் கிளிங்பெய்ல் குழுவினர், பொறியியலுக்குத் தேவையான கணக்கை மட்டும் பொறியியல் ஆசிரியர்களையே வைத்து, ஆய்வகத்தோடு சேர்த்து நடத்தினார்கள். பொறியியல் தாள்களுக்குப் போக, கால்குலஸ் வரிசை முழுவதும் முடியும்வரை மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை.

"தரமில்லாத பிள்ளைகள்" என்ற பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. அமெரிக்க ஆய்வாளர்கள் எலைன் செய்மூரும் நான்சி ஹெவிட்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல், பொறியியல் படிப்புகளை விட்டுப் போனவர்களுக்கும் தங்கியவர்களுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை. கற்பிக்கும் முறையைப் பற்றி இரு தரப்புமே குறைப்பட்டுக்கொண்டார்கள். 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு இத்தகைய வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது: விரிவுரை மட்டும் கேட்டவர்களில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், வகுப்பிலேயே செய்து கற்றவர்களில் 21.8. கூட்டத்தில் இதைச் சொன்னால் டீ ஆறிவிடும், அது வேறு விஷயம்.

மூன்றாமாண்டு
எனக்குக் கணக்கு வரும், இன்ஜினியரிங் டிராயிங்தான் வரவில்லை. ஒரு பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கவே தெரியாது. பிறவியிலேயே வர வேண்டும் என்றார்கள். பயிற்சியில் வருகிறது!

விசைத்திருப்பம்
ஆமாம் தம்பி. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993 முதல் இதற்கென்றே தனிப் பாடம் நடத்தினார். அதைப் படித்தவர்கள், குறிப்பாக மாணவிகள், பொறியியலில் கூடுதலாகத் தங்கினார்கள்.

வகுப்பாசிரியர்
நன்றி. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. இந்த செமஸ்டரிலேயே என்ன செய்யலாம்?

விசைத்திருப்பம்
இன்டர்னல் மார்க் வரும்வரை காத்திருக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலேயே ஒரு சின்ன டெஸ்ட் வையுங்கள். மார்க் குறைந்தவரை அப்புறம் கூப்பிடலாம். வெறும் தாளைக் கொடுத்தவரையும், வராமலே இருந்தவரையும் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். பலருக்குப் பிரச்சினை பாடமாக இருக்காது; இரவு வேலை, கட்டணம், பேச ஆளில்லாமை என்று வரும்.