14 பங்கு, ஒரே ஒழுகற வீடு. என்ன பண்றது?

ஊர்க்குருவி:
செட்டிநாட்டுப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. தேவகோட்டை பக்கம் ஒரு சின்ன ஊரு எங்களுது. பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போயி, அதான் தொழில் பண்ணப் போயி, சம்பாதிச்சுக் கட்டுன வீடு, முன்வாசல் ஒரு தெரு பின்வாசல் அடுத்த தெரு, இப்ப 14 புள்ளிக்கு, அதாவது 14 குடும்பத்துக்குப் பங்கு. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் கூடுவோம், ரெண்டு நாள் வளவுல, அதான் நடு முத்தத்தச் சுத்தியிருக்க தூண் தாழ்வாரத்துல, பாய் விரிச்சுப் படுத்துட்டு மறுபடி பூட்டிட்டுப் போயிருவோம். இந்தத் தடவ போனப்ப ரெண்டாங்கட்டுல, அதான் பின்னாடி இருக்க ரெண்டாவது முத்தத்துப் பக்கம், ஓடு சரிஞ்சு கெடக்கு, மழத்தண்ணி நேரா செவுத்துக்குள்ள எறங்குது, மேல ஒரு அரசங்கன்னு முழங்கை ஒசரம் நிக்குது. இதுல ஒரு சித்தப்பா மகன் வளவுத் தூணையும் நிலைக்கதவையும் யாரோ வியாபாரிகிட்ட வெல பேசிட்டாராம். நான் என்ன செய்ய?

சுண்ணாம்புக்காளவாய்:
கோர்ட்டு கேஸெல்லாம் அப்புறம், மொதல்ல ஓட்டப் பாருங்க தம்பி. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தார்ப்பாயாவது போட்டு இழுத்துக் கட்டிருங்க, நாட்டு ஓடு பத்து சரிஞ்சா பக்கத்துல நூறு சரியும், கொரங்கு வேற. அரசங்கன்ன கையால புடுங்காதீங்க, மேல வந்துரும் வேர் உள்ளயே நிக்கும். வெவரம் தெரிஞ்ச கொத்தனார வச்சுக் கல்லப் பிரிச்சு வேரோட எடுக்கணும். இன்னொண்ணு, யார் சொன்னாலும் செவுத்துல சிமெண்ட் வைக்காதீங்க. எங்க வீட்ல அந்தத் தப்பப் பண்ணுனோம். சுண்ணாம்புச் செவுரு ஈரத்த வெளிய விடும், மேல சிமெண்ட் பூசுனா ஈரம் உள்ளயே நின்னு ரெண்டு மழைக்குள்ள இடுப்பளவுக்கு உப்பு பூத்து, முட்டை வெள்ளைக்கரு போட்டு எழச்ச அந்தப் பழைய பூச்சும் சேந்து தட்டு தட்டா கழண்டு விழுந்துச்சு. கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருந்த செவுரு. இப்ப அத நெனச்சாலும் வயிறு எரியுது.

கேஸ்கட்டு:
பாகம் பிரியாத வீட்ல தூண் எல்லாருக்கும் பொது, ஒத்த பங்காளி தன்னிஷ்டத்துக்கு உருவி விக்க முடியாது. மொதல்ல வக்கீல் நோட்டீஸ், அப்பயும் கேக்கலைன்னா பாகப்பிரிவினை கேஸ் போட்டு தடை உத்தரவு வாங்கலாம், 14 பேர்ல நீங்க ஒருத்தர் போனாலே போதும். போன வாரமே எல்லா ரூமையும் தூணையும் தேதியோட போட்டோ எடுத்துருந்தா நல்லது, எடுக்கலைன்னா இந்த வாரம் எடுங்க. உங்க சித்தப்பா மகன் தன் பங்க வெளியாளுக்கு வித்துட்டாக்கூட சொத்து மாற்றுச் சட்டம் 44வது பிரிவுப்படி அந்த ஆளு குடும்ப வீட்டுக்குள்ள வந்து கூட்டா குடியிருக்க உரிமை கேக்க முடியாது. வாங்குன அந்த வெளியாளு பாகம் கேட்டு கேஸ் போட்டா, 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4வது பிரிவுல கோர்ட் வைக்கிற வெலைக்கு நீங்களே அந்தப் பங்க வாங்கிக்கலாம்.

பொட்டிக்கடை:
எல்லாரும் திட்டப்போறீங்க, பரவால்ல. வித்தா என்னங்க தப்பு? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போயி பாருங்க, இந்த மாதிரி வீட்டுச் சாமான்தான் கடை கடையா அடுக்கியிருக்கு, எனாமல் தூக்குலேந்து தேக்குக் கதவு வரைக்கும். யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய எடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல 2014லயே செட்டிநாட்டு ஊருங்க ஏறியாச்சு, அதுனால யார் வீட்டு ஓடாவது மாறுச்சா? கானாடுகாத்தான், கடியாபட்டியில ஹோட்டல் ஆன வீடெல்லாம் தப்பிச்சுருச்சு, ஆனா அதுக்கு எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போடணுமே, நம்மாளுங்க மொய்க்கணக்குலயே சண்ட போடுவாங்க.

சுண்ணாம்புக்காளவாய்:
@பொட்டிக்கடை மேசை, தூக்கு விக்கறது வேற, தூண் விக்கறது வேறப்பா. தூண உருவுனா மேல கூரை எதுல நிக்கும்?

ஊர்க்குருவி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். வாட்ஸப் குரூப்ல புள்ளிக்கு 3,000 ரூவான்னு கூரைக்கு மட்டும் கேட்டுருக்கேன். 9 பேர் போட்டுட்டாங்க. தூணுக்கு வெல பேசுன அண்ணனும் போட்டுருக்காரு, அதான் எனக்கு ஒண்ணும் புரியல. நோட்டீஸ கொஞ்சம் நிறுத்தி வச்சுட்டு ஞாயித்துக்கெழம அவர நேர்ல பாத்துப் பேசிட்டு வர்றேன். தேவகோட்டை பக்கம் நாட்டு ஓடு மாத்தத் தெரிஞ்ச ஆளு இருந்தா சொல்லுங்க.