1911 கைத்துப்பாக்கி இருக்கிறது, பிரவுனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கியும் வாங்கலாமா?

கைவசம் ஒரு 1911. .45 தோட்டா, 7 குண்டு மேகசின். சுடுதளத்தில் வேறெதையும் எடுக்க மனம் வராது. டிரிகர் நேராகப் பின்னால் நகர்ந்து சட்டென்று விடும். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனம். சாயங்காலத்துக்குள் பெல்ட் ஒரு பக்கமாக இறங்கிவிடுகிறது. 9 மி.மீ. ஹை-பவர் தேவலையா?

பதில் 1:
இரண்டும் வைத்திருக்கிறேன். எடைக்காக மாறாதீர்கள், அதுவும் ஒரு கிலோவை ஒட்டித்தான். 13 குண்டு, உதைப்பு குறைவு, பிடி கைக்குள் அப்படியே உட்காரும். டிரிகர்தான் இழுவை: மேகசினைக் கழற்றினால் சுடாதபடி உள்ளே ஒரு பூட்டு உண்டு, அது உரசும். அப்புறம், கை பெரிதென்றால் துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியல் கட்டைவிரல் இடுக்கில் தோலைக் கடிக்கும். எனக்குத் தழும்பே இருக்கிறது!

பதில் 2:
முதலில் பெல்ட்டை மாற்றுங்கள் ஐயா. இரட்டைத் தோலில் தைத்த தடித்த பெல்ட். அதற்கும் சரிவராவிட்டால் அலுமினியச் சட்டம் போட்ட, 4.25 அங்குலக் குழல் கமாண்டர், அதாவது 1911-இன் குட்டை வடிவம். கால் கிலோவுக்கு மேல் குறையும், டிரிகரும் பழகியதுதான். உதைப்பு கூடும், அது வேறு விஷயம்.

கேட்டவர்:
பெல்ட்டை யோசிக்கவே இல்லை. என்னுடையது சட்டைக்கு மேட்சாக வாங்கியது.