வீட்டுக்கு வந்தப்புறமும் விடாத பேய்ப்படம், உங்களுக்கு எது?

நிலவரசி:

எல்லாருக்கும் வணக்கம். பேய்ப்படம்னா எனக்கு உசுரு, தமிழ், மலையாளம், ஜப்பான், கொரியான்னு எது கெடைச்சாலும் விடமாட்டேன். ஆனா பாத்ததுல முக்கால்வாசி படத்தோட பயம் தியேட்டர்ல இருக்கிற வரைக்கும் தான். டமால்னு ஒரு சத்தம், கண்ணாடில ஒரு மூஞ்சி, நாமளும் சீட்ல துள்ளி விழுவோம், பக்கத்துல இருக்கிறவங்கள பாத்து சிரிப்போம், பார்க்கிங்ல வண்டிய எடுக்கிறதுக்குள்ள மறந்துரும். அதை பயம்னு சொல்ல எனக்கு மனசு வரல, பின்னாடி நின்னு யாராவது பலூனை உடைச்சாலும் அதே துள்ளல் தான வரும்.

வேற மாதிரி சில படங்க இருக்கு. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா, ஹால்ல ஆஃப் ஆகி கெடக்கிற டிவிய பாக்காம தலைய குனிஞ்சுக்கிட்டு தாண்டிப் போக வைக்கும். எனக்கு அது 2009ல வந்த யாவரும் நலம். மாதவன் குடும்பத்தோட புது அபார்ட்மென்ட்டுக்கு குடி வர்றாரு, வீட்டு நம்பர் 13பி. அவரு தனியா ஏறினா லிஃப்ட் நகராது, வேற யாராவது கூட ஏறினா ஓடும். அந்த வீட்டுக்குள்ள வெச்சு செல்போன்ல அவரை போட்டோ எடுத்தா மூஞ்சி மட்டும் கோணலா விழும். சாமி படம் மாட்ட செவுத்துல ஓட்டை போட முடியாது. இதெல்லாம் தனித்தனியா பாத்தா ஒண்ணுமே இல்லாத விஷயம், லிஃப்ட் ரிப்பேர், போன் ரிப்பேர்னு விட்டுருவோம். இதுக்கு நடுவுல வீட்டுல இருக்கிற பொம்பளைங்க டெய்லி உக்காந்து ஒரு சீரியல் பாக்குறாங்க, அதுல வர்ற குடும்பத்துக்கு என்ன நடக்குதோ அதுவே இவங்களுக்கும் நடக்குது, அது மாதவனுக்கு மட்டும் தான் தெரியுது. பாழடைஞ்ச பங்களா இல்ல, சுடுகாடு இல்ல, பி.சி.ஸ்ரீராம் கேமராவுல பளிச்சுன்னு இருக்கிற புது ஃப்ளாட்டு. எங்க வீட்டுலயும் சாயங்காலம் ஆனா எல்லாரும் டிவி முன்னாடி தான், அதனாலயோ என்னவோ ரொம்ப நாளைக்கு சீரியல் டைட்டில் பாட்டு கேட்டாலே வயிறு என்னமோ பண்ணும்.

உங்களுக்கு அப்படி எந்தப் படம், அதுல எந்த எடம், ஏன்? பேரை மட்டும் போட்டுட்டு போயிறாதீங்க ப்ளீஸ். முடிவை சொல்றதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க.

நைட்ஷோ மணி:

சூப்பர் கேள்வி சகோ. நான் ஜப்பான் பக்கம். தகாஷி ஷிமிசு எடுத்த ஜூ-ஆன், தியேட்டருக்குன்னு எடுத்த 2002 படம். அதுல ஒரு பொண்ணு பயந்து நடுங்கி தன்னோட ஃப்ளாட்டுக்கு ஓடி வந்து, கதவை பூட்டிட்டு, கட்டில்ல ஏறி போர்வைய இழுத்து மூடிக்கும். சின்ன வயசுல நாம எல்லாரும் பண்ணது தான். போர்வைக்குள்ள இருந்தா அது ஒண்ணும் பண்ணாதுன்னு நமக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, ஆனா எல்லா புள்ளைக்கும் அது எப்படியோ தெரியும். இந்தப் படத்துல அது போர்வைக்குள்ளயே இருக்கு. அந்த ஒரு ஷாட்டுக்கு அப்புறம் ஒளியறதுக்கு எடமே இல்லாம போயிருது. நான் எத்தனையோ ரத்தக்களரி படம் பாத்திருக்கேன், எதுவும் என் கட்டில் வரைக்கும் வரல, இது வந்துச்சு.

அடுத்தது ரிங்கு, 1998, ஹிடியோ நகாடா. முடிவை சொல்லப்போறேன், பாக்காதவங்க இந்த பாராவ விட்டுருங்க. ஒரு கேசட்ட பாத்தா ஏழு நாள்ல சாவு, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா பயம் அதுல இல்ல. கிணத்துக்குள்ள எறங்கி அந்தப் பொண்ணோட எலும்ப கண்டுபிடிச்சுருவாங்க, கெடு நேரமும் தாண்டிரும், யாரும் சாகல. நமக்கு பழகின கணக்குப்படி ஆத்மா சாந்தி அடைஞ்சுருச்சு, படம் முடிஞ்சுருச்சு, நாமளும் காலை நீட்டி உக்காந்துருவோம். அப்போ தான் கூட சேந்து தேடின ஆளோட ரூம்ல டிவி தானா ஆன் ஆகுது. பாவம் பாத்ததும், எலும்பை எடுத்ததும், எதுவுமே கணக்குல சேரல. நம்ம படங்கள்ல பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும், பழி தீந்ததும் கெளம்பிரும். இதுக்கு அப்படி எந்த நியாயமும் கெடையாது, நாம என்ன பண்ணாலும் அது வரும், அதான் எனக்கு தாங்கல. அந்தக் கிணத்துப் பொண்ணு சடாகோ நடந்து வர்றது ஏன் அப்படி உடம்ப கூசுதுன்னு தேடிப் பாத்தேன், நடிச்சவங்கள பின்பக்கமா நடக்க வெச்சு எடுத்து அந்த ஃபிலிமை திருப்பி ஓட்டியிருக்காங்க. கிராஃபிக்ஸ் எதுவும் இல்ல. நடை மாதிரி தான் இருக்கு, ஆனா நடை இல்லன்னு உடம்புக்கு தெரிஞ்சுருது.

மதுரை பொன்னி:

எனக்கு பேயைக் காட்டுறதே தேவையில்லங்க, நாம சொல்றதை வீட்டுல ஒருத்தர் கூட நம்ப மாட்டாங்கன்னு ஒரு நெலம வந்தா போதும். 2022ல வந்த மலையாளப் படம் பூதகாலம் பாருங்க, ராகுல் சதாசிவன் டைரக்‌ஷன். நம்ம ரேவதி அம்மாவா, ஷேன் நிகம் பையனா. பாட்டி செத்துப் போறாங்க, அம்மாவுக்கு டிப்ரஷன், பையனுக்கு வேலை கெடைக்கல, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே சண்டையா தான் இருக்கு. வீட்டுக்குள்ள ஏதோ இருக்குன்னு பையன் சொன்னா, குடிச்சிருப்பான், மூளை கெட்டுப் போச்சுன்னு தான் எல்லாரும் பாக்குறாங்க, பெத்த அம்மாவும் அப்படித்தான். படம் முழுக்க நாமளே குழம்பிப் போயிருவோம், நெசமாவே பேய் இருக்கா இல்ல அந்த வீட்டு சோகம் தான் இப்படி நடமாடுதான்னு. கடைசியில தான் காட்டுறாங்க, அதுக்குள்ள நான் பாதி செத்துட்டேன். பேய விட அந்தப் பையன் தனியா சோறு தின்னுக்கிட்டு உக்காந்திருக்கிறது தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

எக்ஸார்சிஸ்ட் பத்தியும் சொல்லணும். 1973 படம், எல்லாரும் தலை திரும்புறதையும் பச்சை வாந்தியையும் தான் பேசுறாங்க, எனக்கு அதெல்லாம் இப்போ ஒண்ணும் பண்ணல. ஆஸ்பத்திரி சீன் தான் என்னைய என்னமோ பண்ணிருச்சு. பேய் புடிச்ச அந்தப் புள்ளய படுக்க வெச்சு கழுத்துல ஊசி குத்தி ரத்தம் பீச்சுது, மெஷின் தடதடன்னு அடிக்குது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டருங்க நிக்கிறாங்க. எடுத்த டெஸ்ட்ல எல்லாம் ஒண்ணும் இல்லன்னு வருது. கடைசியா ஒரு மேசைய சுத்தி அத்தனை டாக்டரும் உக்காந்து, எங்களுக்கு தெரியல, வேணும்னா சாமியாரைப் பாருங்கன்ற மாதிரி அந்தம்மாகிட்ட சொல்வாங்க பாருங்க. காய்ச்சல்ல கெடக்கிற புள்ளய தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்ச எந்த அம்மாவுக்கும் அந்த சீன் புரியும். பேய் வர்றதுக்கு முன்னாடியே எனக்கு படம் முடிஞ்சுருச்சு.

மிக்ஸிங் ரூம் பாபு:

நான் சவுண்டு லைன்ல வேலை பாக்குறவன், அதனால ஒரு விஷயத்துல நிலவரசி கூட சண்டை போடணும். ஜம்ப் ஸ்கேர், அதாவது திடீர்னு துள்ள வைக்கிறது, அதுன்னாலே மட்டம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். மட்டமா பண்ணா மட்டம். சத்தத்தை திடீர்னு மூணு மடங்கு ஏத்துறது யார் வேணா பண்ணலாம், அதுக்கு முன்னாடி ஆடியன்ஸை எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறோம்ன்றதுல தான் வேலையே இருக்கு.

1942ல வந்த கேட் பீப்பிள்னு ஒரு படம், ஜாக் டூர்னர் டைரக்‌ஷன், வால் லூட்டன் ப்ரொட்யூசர். காசு ரொம்ப கம்மி. ஒரு பொண்ணு ராத்திரி தெருவுல தனியா நடந்து போகுது, பின்னாடி இன்னொரு செருப்பு சத்தம். ம்யூசிக் கெடையாது, டக் டக்னு ரெண்டு ஜோடி செருப்பு மட்டும் தான். கொஞ்ச நேரத்துல பின்னாடி சத்தம் நின்னுரும், முன்னாடி போற பொண்ணோட சத்தம் மட்டும். இப்போ பின்னாடி வந்தவ எங்க? நாம காதை தீட்டிக்கிட்டு ஸ்க்ரீனுக்குள்ளயே போயிருவோம், அப்போ சர்ர்ர்னு உறுமுற மாதிரி ஒரு சத்தம், பாத்தா பஸ் வந்து நிக்குது. அவ்வளவு தான். அந்த டெக்னிக்குக்கு லூட்டன் பஸ்னே பேர் ஆகிப் போச்சு, இப்ப வரைக்கும் எல்லாரும் அதைத்தான் எடுக்குறாங்க, ஆனா அந்த செருப்பு சத்தம் நிக்கிற எடத்தை விட்டுட்டு பஸ்ஸை மட்டும் எடுக்குறாங்க.

எக்ஸார்சிஸ்ட் மூணாவது பார்ட்டு, 1990, அதுல ஒரு ஆஸ்பத்திரி வராந்தா ஷாட் இருக்கு. கேமரா தள்ளி ஒரு எடத்துல நின்னுரும், நகரவே நகராது. நர்ஸ் ஒரு ரூமுக்கு போவாங்க, வருவாங்க, கதவை பூட்டுவாங்க, எல்லாம் சாதாரணமா நடக்கும். எங்க பாக்கணும்னு டைரக்டர் சொல்லவே மாட்டாரு, நாமளே ஒவ்வொரு கதவா பாத்துக்கிட்டு இருப்போம். அப்புறம் வர்றது ஒரு செகண்டு தான், அதை நான் எழுத மாட்டேன்.

தமிழ்ல பிட்சா, 2012. விஜய் சேதுபதி அந்த பங்களாவுக்குள்ள மாட்டிக்கிட்டு கையில ஒரு டார்ச்சை வெச்சுக்கிட்டு சுத்துறாரே, வெளிச்சம் போற எடம் மட்டும் தான் நமக்கு தெரியும், அவரு டார்ச்சை திருப்புற வரைக்கும் நாம காத்துக் கெடக்கணும். நல்ல ஹெட்போன் போட்டு லைட்டை அணைச்சுட்டு பாருங்க, போன் ஸ்பீக்கர்ல பாத்துட்டு பயமே இல்லன்னு சொல்லாதீங்க.

கொல்லம் மருமகள்:

பாபு அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனா எனக்கு சத்தம் இல்ல, இருட்டு இல்ல, ஆளு மாறிப் போறது தான். மணிச்சித்ரதாழ், 1993, ஃபாசில். சந்திரமுகி பாத்துட்டு அதே கதை தானன்னு விட்டவங்க தயவு செஞ்சு இதையும் பாருங்க.

பட்டப்பகல், பெட்ரூம், புருஷன் பொண்டாட்டி பேசிக்கிட்டு இருக்காங்க. கடைக்கு போக வேணாம்னு அவரு சொல்றாரு, ஏன்னு கங்கா கேக்குறா. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஷோபனாவோட குரலும் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமா வேற ஆளாகுது, கட்டிலை ஒரு பக்கமா தூக்கிருவா. அவரு பேர் சொல்லி கத்தினதும் திரும்ப கங்காவாகி, என்ன ஆச்சுன்னு பாவமா பாக்குறா. தூக்கினதை விட அந்த பாவமான பார்வை தான் எனக்கு பயம், தான் என்ன பண்ணோம்னு அவளுக்கே தெரியாது.

இன்னொரு விஷயம் யாராவது கவனிச்சீங்களா? மலையாளப் படத்துல கங்கா மாறிப் போற அந்த நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, பேசுறது தமிழ். கன்னடத்துல ஆப்தமித்ராவா எடுத்தப்பவும் தமிழ்ல சந்திரமுகியா எடுத்தப்பவும் அவ தெலுங்கு பேசுறா. எந்த ஊர்ல எடுத்தாலும் பக்கத்து ஊர் பாஷை தான். சுத்தமா தெரியாத பாஷையா இருந்தா அது வெறும் சத்தம். அரைகுறையா புரியணும், ஆனா கட்டுன பொண்டாட்டி வாய்லருந்து வரக்கூடாத பாஷையா இருக்கணும். தமிழ்ப் பொண்ணு நான் அந்த மலையாளப் படத்தை மாமியார் வீட்டுல எல்லாரோடவும் உக்காந்து பாத்தேன், கங்கா தமிழ்ல பேச ஆரம்பிச்சதும் அங்க எல்லாரும் பயந்தாங்க, எனக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. அது வேற மாதிரி பயம், எப்படி சொல்றதுன்னு தெரியல.

கடைசி ரோ கண்ணன்:

மணிச்சித்ரதாழ் பேய்ப்படமே இல்லையே, அது மனசு சம்பந்தப்பட்ட நோய்னு தான சொல்றாங்க. லிஸ்ட்ல சேக்கலாமா?

கொல்லம் மருமகள்:

தாராளமா சேக்கலாம் கண்ணன். பேயா இருந்தா பூசாரி வந்து ஓட்டிருவாரு. நோய்னா நாளைக்கு நம்ம வீட்டுல யாருக்கு வேணா வரலாம்.

நைட்ஷோ மணி:

கண்ணன் ப்ரோ, நம்ம ஊர்ல காஞ்சனா மாதிரி காமெடி பேய்ப்படங்களுக்கும் ஒரு எடம் குடுக்கணும்னு நான் சொல்வேன். 2011ல சரத்குமார் அந்த வேஷத்துல வந்தப்ப தியேட்டர்ல சின்னப் புள்ளைங்க அம்மா மடில மூஞ்சிய பொதைச்சுக்கிட்டு ஒத்தக் கண்ணால பாத்ததை நான் பாத்திருக்கேன். அந்த புள்ளைங்களுக்கு அது தான் முதல் பயம். ஆனா அது ஓடுச்சுன்னு அடுத்து வந்த எல்லாரும் பத்து நிமிஷத்துக்கு ஒரு காமெடி ட்ராக் வெச்சாங்க, பயம் சேர்றதுக்கே நேரம் குடுக்கல. ஈரம் மாதிரி இன்னொன்னு வந்தா நல்லாருக்கும். அறிவழகன் எடுத்தது, அதுவும் 2009 தான். தண்ணி வழியா வர்ற ஆவி, படம் பூரா மழையும் சாம்பல் கலரும், வெயிலே அடிக்காது. பாத்துட்டு வந்து பாத்ரூம்ல பைப் சொட்டுனா சும்மா இருக்க முடியுமா சொல்லுங்க.

பழைய ரீல் ஐயா:

பிள்ளைங்களா, நல்லா எழுதுறீங்க எல்லாரும். நான் கொஞ்சம் வயசானவன், கருப்பு வெள்ளைக் காலத்து ஆளு. ரெண்டு படம் சொல்றேன்.

1961ல ஜாக் கிளேட்டன் எடுத்த தி இன்னொசென்ட்ஸ். டெபோரா கெர் ஒரு பெரிய மாளிகையில ரெண்டு குழந்தைங்கள பாத்துக்க வர்றாங்க. ஒரு நாள் பகல்ல ஏரிக்கரையில உக்காந்திருக்காங்க, அந்தப் பக்கம் கோரைப்புல்லுக்கு நடுவுல கருப்பு உடையில ஒரு பொம்பள நிக்கிறா. அவ்வளவு தான், நிக்கிறா. கிட்ட வரமாட்டா, கத்த மாட்டா, கேமராவும் அவ மூஞ்சிக்கிட்ட போகாது. தூரத்துல இருக்கிறதால நெசமாவே ஆளு தானா, இல்ல கண்ணு ஏமாத்துதான்னு ஒரு முடிவுக்கும் வர முடியல. ஃப்ரெடி ஃபிரான்சிஸ்னு கேமராமேன், அகல ஸ்க்ரீனோட ரெண்டு ஓரத்தையும் இருட்டாக்க ஃபில்டர்ல பெயின்ட் அடிச்சு எடுத்தாரு. அதனால ராத்திரி சீன்ல மெழுகுவத்தி நடுவுல எரியும், ஓரமெல்லாம் இருட்டு, நம்ம கண்ணு ஓரத்துக்கே போய்க்கிட்டு இருக்கும்.

இன்னொன்னு 1963ல ராபர்ட் வைஸ் எடுத்த தி ஹான்டிங். பேயைக் காட்டவே மாட்டாரு. ராத்திரி இருட்டுல செவுத்துக்குப் பின்னாடி ஏதோ குரல் கேக்குது, பக்கத்துல படுத்திருக்கிற தோழியோட கைய ஒருத்தி இறுக்கிப் பிடிச்சுக்குவா. லைட்டைப் போட்டுப் பாத்தா தோழி ரூமோட அந்தக் கோடியில இருக்கா. அப்போ இவ்வளவு நேரம் யார் கைய பிடிச்சுக்கிட்டு இருந்தேன்னு இவ கேப்பா. மணி தம்பி சொன்ன போர்வை மாதிரியே தான் இதுவும், பயத்துல நாம எதைப் பிடிச்சுக்கிறோமோ அதையே பறிச்சுருவாங்க.

நிலவரசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கல. பாபு அண்ணா, செருப்பு சத்தம் நிக்கிற எடத்தை நீங்க சொன்ன விதத்துல உங்க பக்கம் சாய்ஞ்சுட்டேன், துள்ள வைக்கிறதுலயும் இவ்வளவு பொறுமை வேணும்னு தோணவே இல்ல. பொன்னி அக்கா சொன்னது தான் மனசுல நிக்குது, யாவரும் நலத்துலயும் அதே தானக்கா, வீடு நெறைய ஆளு இருந்தும் அவரு சொல்றதைக் கேக்க ஆளில்ல.

இந்த வாரம் பூதகாலம், அடுத்த வாரம் ஐயா சொன்ன இன்னொசென்ட்ஸ். ஐயா, அந்த ஏரிக்கரை சீனை சின்ன ஸ்க்ரீன்ல பாத்தா அந்தப் பொம்பள தெரிவாளா, இல்ல டிவில தான் பாக்கணுமா?

பழைய ரீல் ஐயா:

டிவில பாரும்மா. அகலமா எடுத்த படம், போன்ல பாத்தா அந்த உருவம் புல்லோட புல்லா போயிரும். முடிஞ்சா பகல்லயே பாரு, அந்த சீனுக்கு பகல் தான் பொருத்தம்.