ரேங்லர் பராஞ்ச்பே: கட்டுரைக்கு முன் சில சந்தேகங்கள்

கேள்வி (கணக்குநோட்டு):
கல்லூரி மலருக்குப் புனே கல்வியாளர் ஆர்.பி. பராஞ்ச்பே பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். மூன்று இடத்தில் இடிக்கிறது. ‘சீனியர் ரேங்லர்’ என்பது பட்டமா, பரிசா? ‘முதல் இந்திய ரேங்லர்’ என்று போடலாமா? அவரைக் கணித ஆய்வாளர் என்பதா, கல்லூரி முதல்வர் என்பதா?

பதில் 1 (வகைநுண்):
பட்டமும் இல்லை, பரிசும் இல்லை, இடம். கேம்பிரிட்ஜில் கணித டிரைபாஸ் என்ற பட்டத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்கள் எல்லாருமே ரேங்லர்கள்தான். அவர்களில் முதலாமவர் சீனியர் ரேங்லர். அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு சீனியர் ஆப்டிம், ஜூனியர் ஆப்டிம் என்று பெயர். இந்தத் தரவரிசைப் பட்டியல் 1909-ஓடு நின்றுபோனது.

‘முதல் இந்திய ரேங்லர்’ என்று போட்டால் தப்பு. அது ஆனந்த மோகன் போஸ், 1874-இல். பராஞ்ச்பே முதல் இந்திய சீனியர் ரேங்லர், 1899-இல், செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மாணவராக. அதையும் தனியாக வாங்கவில்லை. ஜார்ஜ் பர்ட்விஸ்டிலும் அவரும் சமநிலை. பல கட்டுரைகளில் இந்த வரி காணாமல் போய்விடும், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

பதில் 2 (பழையசுவடி):
மூன்றாவது கேள்விக்கு: ‘ஆய்வாளர்’ வேண்டாம். டிரைபாஸ் என்பது குறித்த நேரத்துக்குள் கடினமான கணக்குகளை வேகமாகப் போட்டுத் தள்ளும் திறமைக்கான தேர்வு. புதுக் கணிதம் படைப்பது வேறு சமாச்சாரம். உதாரணமாக, 1854-இல் மின்காந்தக் கொள்கை தந்த மாக்ஸ்வெல் இரண்டாவது, முதலிடம் ரூத் என்பவருக்கு. 1898-இல் ராமானுஜனோடு சேர்ந்து ஆய்வு செய்த ஹார்டி நான்காவது. பின்னாளில் இந்த முறையைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. பராஞ்ச்பேயின் பெயரில் தேற்றம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்; அவர் எடை வேறு இடத்தில்.

1902-இல் புனே ஃபெர்குசன் கல்லூரி முதல்வரானார். சுமார் இருபது ஆண்டு அந்தப் பொறுப்பு. அதை நடத்திய டெக்கான் கல்விச் சங்கத்தில் ‘ஆயுள் உறுப்பினர்’ என்று ஓர் ஏற்பாடு: சொற்பச் சம்பளத்துக்கு இருபது ஆண்டு பணியாற்ற உறுதி தர வேண்டும். அப்படிச் சேர்ந்த தேசியத் தலைவர் கோகலே வாங்கியது மாதம் 75 ரூபாய். கேம்பிரிட்ஜ் முதலிடக்காரர் அந்த ஏற்பாட்டுக்குள் வந்ததுதான் கட்டுரையின் நடுப்புள்ளியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று, திலகர், கோகலே, பெண் கல்விக்கு உழைத்த கார்வே மூவருமே அந்தக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர்கள்.

பதில் 3 (ஐந்தாம்மாடி):
தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று இருக்கிறது. 1907-இல் துணை கலெக்டர் வி. ராமசாமி ஐயர் தொடங்கிய சங்கம்தான் பிறகு இந்தியக் கணிதவியல் சங்கம். அதன் நூலகம் வைக்கப்பட்டது ஃபெர்குசன் கல்லூரியில், பராஞ்ச்பேயின் ஒத்துழைப்போடு. தனி ஆளாக வெளிநாட்டு இதழ்கள் வாங்க யாருக்கும் கட்டாது என்பதால் சந்தா சேர்த்து வாங்கி, உறுப்பினர்களுக்குத் தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் வந்தது இந்தச் சங்கத்தின் இதழில்தான்.

கணக்குநோட்டு:
நன்றி. ஃபெர்குசனின் முதல் முதல்வர் இவர்தானே? புத்தகங்கள்?

பழையசுவடி:
இல்லை. கல்லூரி 1885-இல் தொடங்கியது; முதலில் வாமன் சிவராம் ஆப்தே (அந்த சமஸ்கிருத அகராதிக்காரர்), அப்புறம் சமூகச் சீர்திருத்தவாதி அகர்கர். இவர் பிறகுதான்.

புத்தகங்களில் கார்வே வாழ்க்கை வரலாறும், ‘84 நாட் அவுட்’ என்ற சுயசரிதையும் போதும். பிந்தைய பொறுப்புகளை ஒரே வரியில் முடியுங்கள்: பம்பாய் மாகாணக் கல்வி அமைச்சர், லக்னோ துணைவேந்தர் (1932–38), ஆஸ்திரேலியாவில் இந்திய ஹைகமிஷனர் (1944–47), புனே துணைவேந்தர் (1956–59). பிறப்பு 1876, மறைவு 1966.

வகைநுண்:
படம் போடுவதாக இருந்தால் கவனம். ‘கால்’ என்ற மராத்திப் பத்திரிகையின் ஆசிரியர் சிவராம் மகாதேவ் பராஞ்ச்பேயும் அதே காலத்துப் புனேக்காரர். 1908-இல் ராஜத்துரோக வழக்கில் சிறை போனவர் அவர், இவர் அல்ல. கணிதக்காரரின் பெயர் ஆங்கிலத்தில் ‘ஒய்-இ’ என்று முடியும். அந்த ‘ஒய்’ இல்லாமல் தேடினால் மற்ற பராஞ்ச்பேக்கள்தான் வரிசையில் வந்து நிற்பார்கள்.