ஈஆர்பி சொன்னதை நம்பி பெரிய பையரை விடலாமா?

பனியன்காரன்: திருப்பூரில் 60 மிஷின் யூனிட் எங்களுடையது. போன தீபாவளிக்கு அப்புறம் ஈஆர்பி (ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கிற மென்பொருள்) போட்டோம். ஸ்டைல் வாரியாக, அதாவது ஒவ்வொரு டிசைனாகப் பார்த்தால், பாதி வேலை தருகிற பெரிய பையரின் (எங்களிடம் துணி வாங்குகிற கம்பெனி) டி-ஷர்ட்டில்தான் பீசுக்கு 4 ரூபாய் நட்டம்! சாயப்பட்டறையில் குறைகிற துணி எடை, ரீ-டையிங் (மறுபடி சாயம் போடுவது), கடைசி நேரத்தில் விமானத்தில் அனுப்புகிற ஏர் ஷிப்மென்ட் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோட்டில் கிடந்ததால் இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆர்டரை விட்டுவிட்டு குழந்தைகள் துணிக்குப் போகலாம் என்கிறேன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

பழைய கணக்குப்பிள்ளை: தம்பி, மூன்று நோட்டையும் முதல் தடவையாகச் சேர்த்துப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அதற்கு எக்செல் போதும். நான் இருந்த கம்பெனியில் சீசன் நடுவில் ஈஆர்பி மாற்றினார்கள். குடோன் நிறையத் துணி, சிஸ்டத்தில் ஸ்டாக் பூஜ்யம், டெலிவரி சலான் போடவே விடவில்லை. லாரி டிரைவர் வாசலில் நின்று மூன்று டீ குடித்துவிட்டார்.

மெர்ச்சண்டைசர் அக்கா: சீசனில் மாற்றச் சொன்னது மென்பொருளா அண்ணா? அமெரிக்காவில் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியே 1999ல் இப்படித்தான் மாட்டியது. 4 வருஷ வேலையை இரண்டரை வருஷத்தில் முடிக்கிற அவசரத்தில் மூன்று சிஸ்டத்தை ஒன்றாக ஓட்டி, சாக்லேட் அதிகம் விற்கிற ஹாலோவீன் பண்டிகை நேரத்தில் சரக்கு கையில் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் நின்றார்கள். அதற்காக நோட்டுக்குத் திரும்பவில்லையே. இங்கேயும் 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் என்றால் 2023 ஆகஸ்டில் இருந்து இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிகிற ஜிஎஸ்டி பில்) கட்டாயம். நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பழைய கணக்குப்பிள்ளை: அது சட்டம்மா, எல்லோருக்கும் ஒன்றுதான். எல்லோரிடமும் இருப்பதை வைத்து யாரை ஜெயிப்பது? சரி, தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த 4 ரூபாய்க்குள் வாடகை, ஆபீஸ் சம்பளம், கரண்ட் டிமாண்ட் சார்ஜ் (மிஷின் ஓடாவிட்டாலும் கட்டுகிற கட்டணம்) எல்லாம் பங்கு போட்டிருக்கிறதா? ஆர்டர் போனாலும் அந்தச் செலவு போகாது, மற்ற ஸ்டைல் தலையில்தான் விழும்.

மெர்ச்சண்டைசர் அக்கா: இது நியாயம். ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கவும் சிஸ்டம்தான் வேண்டும். இன்னொன்று, சிஸ்டத்தில் வருகிற ரிப்போர்ட் எதையும் பையருக்கு அனுப்பிவிடாதீர்கள். தினசரி புரொடக்‌ஷன் ஷீட் கேட்கிறார்களே, எந்த லைன் சும்மா நிற்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த ஆர்டருக்கு ரேட்டை அடிக்கிறார்கள். ஒரு தடவை நானே அனுப்பிவிட்டு முழித்திருக்கிறேன்.

பனியன்காரன்: பிரித்துப் பார்த்தேன். 4 ரூபாயில் இரண்டே முக்கால் ரூபாய், வாடகை மாதிரி பங்கு போட்ட செலவுதான். மீதி ஒன்றேகால் ரூபாய் நிஜ நட்டம், ரீ-டையிங்கில் போகிறது. அப்பாவிடம் காட்டினேன். "ஆஃப் சீசனில் சனிக்கிழமை சம்பளத்துக்கு அந்தப் பையர் பணம்தான் வந்தது, அது உன் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். தேடினேன், இல்லை. ஆர்டரை இப்போதைக்கு விடவில்லை, சாயப்பட்டறையைத்தான் மாற்றுகிறோம்.