கேலிப்பர் மாத்தினதுக்கு அப்புறம் பிரேக் பெடல் கீழ போகுது, உதவி தேவை (அவசரம்)

ரெண்டாம்_கியர் · சனி இரவு 9:12
முன் சக்கரத்துல நாலு பிஸ்டன் கேலிப்பர் (பேடை டிஸ்க்ல அழுத்துற பாகம்) போட்டேன், ஸ்டீல் ஹோஸ், புது பேட், டாட் 5 பிரேக் ஆயில். லைன்ல சிக்கின காத்து போகணும்னு அஞ்சு தடவை ஏர் எடுத்தாச்சு. இன்னும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கு. முதல் மிதிக்கு முக்கால்வாசி கீழ போயிடுது. இதுக்குப் பழைய கம்பெனி பிரேக்கே தேவலாம். நாளைக்கு சாயங்காலம் வண்டி வேணும். என்ன பண்ணலாம்?

எண்ணெய்க்கை · 9:20
என்ன மாதிரி வண்டி, எந்த வருஷம்? பின்னாடி டிஸ்க்கா டிரம்மா? ஏபிஎஸ் இருக்கா? ரெண்டாவது மிதிக்கு பெடல் மேல வருதா? இதெல்லாம் சொல்லாம கேட்டா நாங்க ஜோசியம்தான் பாக்கணும்.

பழைய_ஸ்பேனர் · 9:26
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. டாட் 5-ன்னு பாத்ததும் மேற்கொண்டு படிக்கிறதை நிறுத்திட்டேன். டாட் 5 சிலிக்கான், தம்பி. பழைய ஆயிலோட கலக்காது. ஊத்தும்போதே பொடிப்பொடியா காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், லேசுல விடாது. ஏபிஎஸ் வண்டிக்கு அது ஆகவே ஆகாது. மொத்தமா வடிச்சுக் கழுவுங்க. பாட்டில் மேல எழுதியிருக்கிறதைப் படிக்க ஸ்பேனர் தேவையில்லை.

ரெண்டாம்_கியர் · 9:41
சாரி, டாட் 5.1. இப்பதான் பாட்டிலை எடுத்துப் பாத்தேன். ஹேட்ச்பேக், 2012. ஏபிஎஸ் இருக்கு. பின்னாடி டிரம். ரெண்டாவது மிதிக்கு மேல வருது, கெட்டியாவும் இருக்கு. ரெண்டு நிமிஷம் விட்டுட்டு மிதிச்சா மறுபடி கீழ போகுது.

பழைய_ஸ்பேனர் · 9:44
அந்த ஒரு புள்ளியில குடும்பமே மாறிப்போகுது. 5.1 கிளைக்கால் வகை, டாட் 4-ஓட சேரும். ஈரம் ஏறாத புது நிலையில 260 டிகிரி வரைக்கும் கொதிக்காது. சரி, ஆயில் தப்பிச்சுது. அப்போ ஏபிஎஸ் பெட்டிக்குள்ள ஏர். ஸ்கேனர் மாட்டி, பம்பை ஓடவிட்டு எடுக்கணும். வீட்டு வாசல்ல நடக்கிற வேலை இல்லை.

டிரம்_செட் · 9:47
வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுத்துட்டு பெடலை மிதிச்சுப் பாருங்க. பெடல் மேல வந்தா சொல்லுங்க.

மழைத்துளி78 · 9:52
புது பேட்னு சொன்னீங்களே, செட் பண்ணீங்களா? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. 60-ல இருந்து 15 வரைக்கும், முழுசா நிறுத்தாம, ஒரு பத்து தடவை மிதமா பிரேக் அடிச்சு, ஆற விட்டு, திரும்ப ஒரு சுத்து. பேட் டிஸ்க்குல படிஞ்சதும் சரியாயிடுச்சு.

எண்ணெய்க்கை · 9:58
பேட் படியலைன்னா வண்டி சரியா நிக்காது, அதுக்காக பெடல் முக்கால்வாசி கீழ போகாது. அதோட இந்த நிலைமையில அவரை 60-ல ஓட்டச் சொல்லாதீங்க. ரெண்டாம்_கியர், சரியாகிற வரைக்கும் வண்டியைத் தெருவுல இறக்காதீங்க, சொல்லிட்டேன். ஏர் எடுக்கத் திறக்கிற நிப்பிள் மேல பாத்து இருக்கா கீழ பாத்து இருக்கா? இடது கேலிப்பரை வலது பக்கம் மாட்டிட்டா நிப்பிள் கீழ வந்துடும். மேல தங்கின காத்து எத்தனை தடவை எடுத்தாலும் வெளிய வராது. போட்டோ போடுங்க.

பெரிய_போர் · 10:05
எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. ஒரு பிஸ்டன் இருந்த இடத்துல இப்போ நாலு. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுறது மாஸ்டர் சிலிண்டர்; நாலுக்கும் தேவையான ஆயிலைப் பழைய மாஸ்டரால தள்ள முடியலை, அதான் விஷயம். மாஸ்டரைப் பெருசா மாத்துங்க. நான் 23.81 மி.மீ. போட்டேன், பெடல் கல்லு மாதிரி நிக்குது.

கணக்குப்பிள்ளை · 10:13
ரெண்டாம்_கியர், மூணு அளவு வேணும்: பழைய பிஸ்டன் விட்டம், புது பிஸ்டன் விட்டம், மாஸ்டர் விட்டம். அளக்காம மாஸ்டரை மாத்தாதீங்க.

ரெண்டாம்_கியர் · 10:31
போட்டோ இணைச்சிருக்கேன். நிப்பிள் மேலதான் இருக்கு. பழைய பிஸ்டன் 54. புதுசு நாலும் 38. மாஸ்டர் மேல 20.64-ன்னு அச்சு இருக்கு.

பெரிய_போர் · 10:35
பாத்தீங்களா! 54-க்குப் பரப்பு 2,290 சதுர மி.மீ. 38 வீதம் நாலுக்கு 4,536. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கேஸ் முடிஞ்சுது.

கணக்குப்பிள்ளை · 10:48
முடியலை. பழையது மிதக்கும் கேலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள் பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில கேலிப்பர் உடம்பே நகர்ந்து வெளி பேடை இழுத்துட்டு வரும். அதனால ரெண்டு பக்க இடைவெளியையும் அந்த ஒரே பிஸ்டன்தான் ஓடி அடைக்கணும். புதுசு அசையாத கேலிப்பர், ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் பிஸ்டன். ஒப்பிடணும்னா ஒரு பக்கத்தைத்தான் எடுக்கணும்: 38 வீதம் ரெண்டு, 2,268. பழசு 2,290. நூத்துக்கு ஒண்ணு வித்தியாசம். கேலிப்பரை வடிவமைச்சவர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் 38-ன்னு வெச்சிருப்பார். மாஸ்டர் மேல குத்தமே இல்லை.

பெரிய_போர் · 10:53
காகிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். என் வண்டியில மாஸ்டர் மாத்தினதும் பெடல் கெட்டியாச்சு, அதுக்கு என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை · 11:02
ஆகாம என்ன? 20.64-ல இருந்து 23.81-க்குப் போனா பரப்பு 33 சதவீதம் கூடும். பெடல் ஓட்டம் கால்வாசி குறையும். ஆனா அதே அழுத்தம் வேணும்னா கால் 33 சதவீதம் கூடுதலா மிதிக்கணும். பெடல் கல்லு மாதிரி நிக்கும், வண்டி நிக்காது. உங்களுக்குக் காலுக்குக் கீழ இதமா இருக்கு, அவ்வளவுதான்.

பெரிய_போர் · 11:04
என் வண்டி நிக்குதா நிக்கலையான்னு எனக்குத் தெரியும்.

பழைய_ஸ்பேனர் · 11:10
ரெண்டு பேரும் தனியாப் போய் மோதிக்கோங்க. ஏபிஎஸ்-னு சொல்லிட்டேன். தம்பி, கேலிப்பர் மாத்தும்போது மாஸ்டர் மேல இருக்கிற ஆயில் டப்பா காலியாச்சா?

ரெண்டாம்_கியர் · 11:15
ஒரே ஒரு தடவை. உடனே ஊத்திட்டேன்.

பழைய_ஸ்பேனர் · 11:16
"ஒரே ஒரு தடவை." சரி.

எண்ணெய்க்கை · 11:24
டப்பா காலியானா மாஸ்டருக்குள்ள காத்து போயிருக்கும், அங்க இருந்து கீழயும் இறங்கியிருக்கலாம். ஆனா ஸ்கேனர் தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். இந்தக் கேலிப்பர் ரெண்டு பாதியா போல்ட் போட்டுச் சேர்த்தது. மேல வெளிப்பக்கம் ஒரு நிப்பிள் தெரியுது. உள்பக்கப் பாதியிலயும் ஒண்ணு இருக்கணும், சக்கரத்துக்குப் பின்னால, சஸ்பென்ஷன் பக்கமா. அதைத் திறந்தீங்களா?

ரெண்டாம்_கியர் · 11:38
உள்பக்கமும் இருக்கா???

ரெண்டாம்_கியர் · ஞாயிறு காலை 8:50
இருக்கு. ரப்பர் மூடியோட, அழுக்கு கூடப் படாம. தம்பியை பெடல்ல உக்கார வெச்சு ரெண்டு பக்கமும் எடுத்தேன். முதல் திறப்புலயே டியூப்ல சோடா மாதிரி குமிழி. பஞ்சுத்தனம் முக்கால்வாசி போச்சு. ஆனா முதல் மிதி இன்னும் பாதிக்கு மேல கீழதான் போகுது.

மழைத்துளி78 · 9:05
பூஸ்டர், அதான் வேக்யூம்ல மிதிக்குப் பலம் கூட்டுற பெட்டி, எப்படி இருக்கு? இன்ஜினை நிறுத்தி அஞ்சாறு தடவை மிதிங்க. காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா இறங்கினா பூஸ்டர் வேலை செய்யுது. இறங்காம அப்படியே நின்னா வேக்யூம் வரலை.

எண்ணெய்க்கை · 9:12
பூஸ்டர் போனா பெடல் கட்டையா இருக்கும், இவருக்கு எதிர்மாறா இருக்கு. இருந்தாலும் அரை நிமிஷ வேலை, பாத்துடுங்க. கூடவே அதை மிதிச்சபடியே ஒரு நிமிஷம் பிடிங்க. பெடல் மெதுவா இறங்கிக்கிட்டே போனா, எங்கயும் ஒழுகலைன்னா, மாஸ்டர் சீல்.

பெரிய_போர் · 9:15
கடைசியில மாஸ்டர்தான்.

ரெண்டாம்_கியர் · 9:30
பூஸ்டர் ஓகே. பிடிச்சா இறங்கலை.

ஒலிபெருக்கி · 9:34
புதுசா வந்திருக்கேன். ஒவ்வொரு ஹோஸா பிளையர்ல நசுக்கிப் பிடிச்சு மிதிச்சா எந்தச் சக்கரத்துல பிரச்சினைன்னு தெரிஞ்சுடுமே?

எண்ணெய்க்கை · 9:37
ஸ்டீல் ஹோஸை நசுக்கவே கூடாது! உள்ள இருக்கிற குழாய் மடங்கினா மடங்கினதுதான், அப்புறம் அது குப்பைக்கு. பின்னாடி இருக்கிற ரப்பர் ஹோஸையும் அதுக்குன்னே இருக்கிற உருளை முனைக் கிளாம்ப்ல மட்டும்தான் பிடிக்கணும், அதுவும் ஹோஸ் பழசுன்னா தொடாம இருக்கிறது நல்லது.

டிரம்_செட் · 9:40
நேத்து ராத்திரி ஒண்ணு சொல்லியிருந்தேன். ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு மிதிச்சீங்களா?

ரெண்டாம்_கியர் · 9:58
ஐயோ, அதைக் கவனிக்கலை அண்ணா. இப்ப பண்ணினேன். இழுத்துட்டு மிதிச்சா பெடல் மேலயே நிக்குது! முதல் மிதிக்கே! ஹேண்ட்பிரேக்கை விட்டா திரும்பக் கீழ.

டிரம்_செட் · 10:04
அப்போ காத்து இல்லை, இடைவெளி. ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்துல ஷூவை (டிரம்முக்குள்ள உராயுற கட்டை) டிரம் பக்கம் தள்ளி வெச்சுடுது. அதனால பெடல் அந்தத் தூரத்தை நிரப்ப வேண்டியதில்லை. முதல் மிதியில ஷூ டிரம்மைத் தொடுறதுக்கே ஆயில் செலவாகுது. ரெண்டாவது மிதிக்குள்ள ஷூ திரும்பி வர்றதில்லை, அதான் கெட்டி. பின்னாடி ஏதாவது கழட்டினீங்களா?

ரெண்டாம்_கியர் · 10:09
ஷூ மாத்தினேன், அதே நாள்ல. அது கம்பெனி பாகம்தானே, மாடிஃபிகேஷன் இல்லையே, அதான் சொல்லலை.

எண்ணெய்க்கை · 10:10
😐

பழைய_ஸ்பேனர் · 10:14
பின்பக்கத்தை முதல்ல பாக்கணும்னு இந்த இழையில யாருக்குமே தோணலை பாருங்க. அடிப்படை தெரியாம மாடிஃபை பண்ணினா இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை · 10:16
நேத்து 9:47-க்கு ஒருத்தருக்குத் தோணியிருக்கு, மேல போய்ப் பாருங்க.

கணக்குப்பிள்ளை · 10:29
எவ்வளவு வித்தியாசம் வரும்னு போட்டுப் பாத்தேன். ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் 20 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம், பரப்பு 314. ஒரு சிலிண்டர்ல ரெண்டு பிஸ்டன், ரெண்டு சக்கரம், மொத்தம் நாலு. ஒவ்வொண்ணும் 1 மி.மீ. கூடுதலா ஓடினா 1,257 கன மி.மீ. ஆயில். மாஸ்டர் பரப்பு 335. அப்போ மாஸ்டர் கம்பி 3.8 மி.மீ. அதிகம் ஓடணும். பெடல் நெம்புகோல் 4 மடங்குன்னா காலுக்குக் கீழ 15 மி.மீ. வெறும் 1 மி.மீ. இடைவெளிக்கே இந்தக் கதி. ஷூ 2 மி.மீ. தள்ளி நின்னா 30.

டிரம்_செட் · 10:41
ரெண்டாம்_கியர், செய்ய வேண்டியது இதுதான். முதல்ல ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்க, இல்லைன்னா கேபிள் இழுப்புல அளவு தப்பா வரும். டிரம்மைக் கழட்டி அட்ஜஸ்டரைப் பாருங்க. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளியைச் சரி பண்ற, பல் சக்கரம் இருக்கிற திருகு. பல வண்டிகள்ல இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிரா இருக்கும், மாத்திப் போட்டா தானா இறுகுறதுக்குப் பதில் தானா தளர்ந்துக்கிட்டே போகும். அப்புறம் டிரம்மைப் போட்டு, கையால சுத்தினா உராய ஆரம்பிக்கிற வரைக்கும் பல்லை ஏத்துங்க. பெடலை நாலஞ்சு தடவை நல்லா மிதிச்சு ஷூவை நடுவுல உக்கார வைங்க. திரும்பச் சுத்திப் பாத்து, சர்... னு லேசான சத்தம் மட்டும் வர்ற அளவுக்கு இறக்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உராயணும். கேபிளைக் கடைசியில.

பெரிய_போர் · 10:50
இதையெல்லாம் பண்ணிட்டு மாஸ்டரும் மாத்தினா இன்னும் நல்லா இருக்கும்.

கணக்குப்பிள்ளை · 10:51
விட மாட்டீங்களே.

மழைத்துளி78 · 10:58
கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க, ஸ்டீல் ஹோஸ் உண்மையிலேயே பெடலை மாத்துமா? எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியலை.

பழைய_ஸ்பேனர் · 11:03
வித்தியாசம் தெரியலைன்னா காலைத்தான் சோதிக்கணும். ரப்பர் அழுத்தத்துல ஊதும், ஸ்டீல் ஊதாது. அதுவும் விவாதமா?

எண்ணெய்க்கை · 11:12
விவாதம்தான். பத்து வருஷம் வெடிப்பு விட்ட ரப்பரைக் கழட்டிட்டு ஸ்டீல் போட்டா எல்லாருக்கும் வித்தியாசம் தெரியும். ஆனா புது ரப்பரைப் போட்டாலும் அதுல பாதி வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்னு யாரும் ஒப்பிட்டுப் பாக்கிறதில்லை. ஹோஸ் மாத்தும்போது ஆயிலும் புதுசு, காத்தும் எடுக்கிறோம். பேர் மட்டும் ஹோஸுக்கு.

பழைய_ஸ்பேனர் · 11:15
நீங்க ரப்பர் வியாபாரியா?

எண்ணெய்க்கை · 11:17
என் வண்டியில போட்டிருக்கிறதே ஸ்டீல்தான் ஐயா. பின்னல் கம்பி உரசுற இடத்துல பெயின்ட்டை ரம்பம் மாதிரி அறுத்து வெச்சிருக்கு. ஸ்டீரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பி எங்கயும் இழுபடுதா, உரசுதான்னு பாக்காம யாரும் மாட்டாதீங்க.

ஒலிபெருக்கி · 11:30
ஸ்டீல் ஹோஸ்ல கலர் வருதாமே, சிவப்பு நல்லா பிரேக் பிடிக்குமா நீலமா?

பெரிய_போர் · 11:32
😂

ரெண்டாம்_கியர் · மாலை 4:20
அட்ஜஸ்டர் இடம் வலம் மாறியிருந்துச்சு. சரியாப் போட்டு செட் பண்ணினேன். இடது 14 பல், வலது 17. பெடல் மேல வந்துடுச்சு, முதல் மிதிக்கே. காலி இடத்துல மெதுவா ஓட்டிப் பாத்தேன், நேரா நிக்குது. எல்லாருக்கும் நன்றி, கிளம்புறேன்.

டிரம்_செட் · 4:31
சந்தோஷம். ஷூ படிஞ்சதும் கொஞ்சம் இடைவெளி விழும், அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துக்கோங்க. வீல் நட்டையும் திரும்ப இறுக்கிப் பாருங்க.

பழைய_ஸ்பேனர் · 4:40
டப்பா காலியானதை மறந்துடாதீங்க. ஏபிஎஸ் பெட்டி இன்னும் பாக்கி.

எண்ணெய்க்கை · 4:46
கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு: காலையில திறந்த உள்பக்க நிப்பிள் ரெண்டையும் இறுக்கினீங்கதானே? சுத்தி ஈரம் இருக்கான்னு துணி வெச்சுத் தொட்டுப் பாத்துட்டுப் போங்க.

எண்ணெய்க்கை · இரவு 9:05
ரெண்டாம்_கியர்?

பெரிய_போர் · 9:20
அவர் போயாச்சு. கணக்குப்பிள்ளை, அந்த 33 சதவீதம்னு சொன்னீங்களே, பூஸ்டர் இருக்கிற வண்டிக்கும் அதே கணக்கா?